இது யாரு தெரு?

எங்க அப்பா தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் மெட்ராசுக்கு வந்தார். 1989, மாசி மாசம். அண்ணா நகர் டபிள்யூ பிளாக்கில் ஒரு வீட்டு மாடியில் நான் குடும்பத்தோடு வாடகைக்கு வந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. பாரிமுனை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அங்கிருந்து வீட்டுக்கு நடைதான். பெரிய ரோட்டில் என் கூடவே பேசிக்கொண்டு வந்தவர், எங்கள் தெரு முனைக்கு வந்ததும் நின்றுவிட்டார். மஞ்சள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்:

"இது யாரு தெருடா?"

"யாரு தெருவும் இல்லப்பா. டபிள்யூ பிளாக்."

"டபிள்யூன்னா யாரு? முதலியாருங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது இங்கிலீஷில் ஒரு எழுத்து, இங்கே பிளாக்குக்கு எழுத்து, தெருவுக்கு நம்பர், அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. குனிந்து தன் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். அப்புறம் என் காலைப் பார்த்தார். நான் செருப்போடுதான் நின்றிருந்தேன். அதற்குப் பிறகுதான் தெருவில் காலெடுத்து வைத்தார். அப்பவும் நடுத்தெருவில் வரவில்லை. மதில் சுவரை ஒட்டி ஒட்டியே வந்தார்.

அன்றைக்கு நான் சிரித்தது தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அப்பா கேட்டது சரியான கேள்விதான். அவர் கண்ட தெருவெல்லாம் யாரோ ஒருத்தருடைய தெருவாகத்தான் இருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத தெரு ஒன்று உண்டு என்று அறுபத்தைந்து வயசுக்கு மேல் ஒரு மனுசன் எப்படி நம்புவார்?

எங்க ஊர் திண்டிவனத்துக்குப் பக்கம். ஊர் வேறு, சேரி வேறு. எங்களுக்குச் சேரி. நடுவில் ஒரு வாய்க்கால். பள்ளிக்கூடம், தபால் பெட்டி, மளிகைக் கடை, பஸ் நிற்கிற இடம், எல்லாம் ஊர்ப் பக்கம். தூரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ரெட்டித் தெரு வழியாகப் போனால் பள்ளிக்கூடத்துக்கு அஞ்சு நிமிசம். ஆனால் அந்தத் தெருவில் நாங்கள் போகக்கூடாது. ஏரிக்கரையைச் சுற்றி, வரப்பு மேல் நடந்து, ஊருக்குப் பின்பக்கமாக வந்து சேர வேண்டும். அரை மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் வரப்பு வழுக்கும். சிலேட்டையும் பையையும் தலைமேல் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணியில் போவோம். ஈரத் துணியோடு உள்ளே நுழைந்தால், "ஏண்டா லேட்டு?" என்று வாத்தியார் அடிப்பார். ஏன் லேட்டு என்று அவருக்குத் தெரியாதா? அவரும் ரெட்டித் தெருவிலிருந்து வருகிறவர்தான். அவருக்கு அஞ்சு நிமிசம்.

எங்க மாமா ஒருத்தர் சைக்கிள் வாங்கினார். 1967 வாக்கில். ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் ராத்திரி, ஆள் நடமாட்டம் இல்லையே என்று ஏறி மிதித்துவிட்டார். மறுநாள் பஞ்சாயத்தில் வைத்து அபராதம் போட்டார்கள். மாமா அந்தச் சைக்கிளை விற்றுத்தான் அபராதம் கட்டினார்.

இத்தனைக்கும் அப்போது நாட்டுக்கு அரசியல் சட்டம் வந்து பதினேழு வருசம். அதன் 15ஆவது பிரிவில் கிணறு, குளம், படித்துறை, ரோடு என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது, இங்கெல்லாம் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்று. அதற்கும் முன்னால், 1924இல், இதே சென்னையில் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டு வந்தார். பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று. உலகத்தில் எந்த நாட்டுச் சட்டசபையிலாவது, 'ரோட்டில் நடக்கலாம்' என்பதற்கு ஒரு தீர்மானம் போட வேண்டி வந்திருக்குமா? நமக்கு வந்தது. போட்ட பிறகும் அந்தச் சட்டம் எங்க வாய்க்காலைத் தாண்டி வரவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 'நடந்து போகிற தூரத்தில் எல்லாம் கிடைக்கும்' என்று அண்ணா நகரைப் பற்றி எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். வீட்டுத் தரகர்களும் அதையே சொல்கிறார்கள். எங்க ஊரிலும் எல்லாம் நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. நடக்கத்தான் விடவில்லை.

அண்ணா நகர் இருக்கிற இடம் முன்னே நடுவக்கரை என்ற கிராமம். இப்போது அந்தப் பேர் ஒரு பாலத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1968இல் அங்கே சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டின கோபுரம்தான் டவர் பார்க்கில் நிற்பது. கண்காட்சி முடிந்ததும் வீட்டுவசதி வாரியம் அந்த இடத்தை மனை மனையாகப் பிரித்தது. அகலமான அவென்யூ, குறுக்கே நேரான தெருக்கள், இடையிடையே பூங்கா, பள்ளிக்கூடத்துக்கு இடம், கடைக்கு இடம் என்று முதலிலேயே காகிதத்தில் கோடு போட்டு வைத்துக்கொண்டு கட்டின ஊர். பெரியார் நூற்றாண்டை ஒட்டி, 1978-79இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சென்னைத் தெருப் பலகைகளில் சாதிப் பேரை அழித்தார்கள். டபிள்யூ பிளாக் பலகையில் அழிக்க ஒன்றுமே இல்லை. எழுத்தும் நம்பரும்தான்.

நான் அனுபவித்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊர் எனக்கு நல்லது செய்தது. ரேஷன் கடை, தபால் ஆபீஸ், லைப்ரரி, காய்கறிக் கடை, பஸ், எல்லாம் கால்நடையில். என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து தனியாகவே பள்ளிக்கூடம் நடந்து போனாள். எட்டே நிமிசம். எந்தத் தெரு வழியாகப் போகணும் என்று நான் அவளுக்குச் சொல்லித் தரவே இல்லை. அவள் இஷ்டத்துக்கு ஒரு நாள் இந்தத் தெரு, ஒரு நாள் அந்தத் தெரு. சாயங்காலம் வந்து, "அப்பா, இன்னைக்கு வேற வழியா வந்தேன், அங்க பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கு" என்பாள். வேற வழியாக வருவது அவளுக்கு விளையாட்டு. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

என் மனைவி முப்பத்துநாலு வயசில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விடியற்காலையில், பால்காரர் வருகிற நேரத்தில், நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவேன். ஒரு நாள் நான் கையை விட்டது தெரியாமலே தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். பெல் அடித்துக்கொண்டே வந்தாள். யாரும் அபராதம் போடவில்லை. எங்க மாமாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கிராமத்தை விட்டு வெளியே வாங்க என்று அம்பேத்கர் நம்ம ஜனங்களுக்குச் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. அந்தத் தெருவில் காலை நேரத்தில் நடந்தபோதுதான் புரிந்தது.

ஆனால் தெருவில் நடப்பது ஒன்று. வீட்டுக்குள் நுழைவது வேறு.

1988இல் நான் வீடு தேடினேன். அரசாங்க உத்தியோகம், மாதச் சம்பளம், சின்னக் குடும்பம். எந்த வீட்டுக்காரரும் முதலில் நல்லாத்தான் பேசுவார். காப்பி கூடக் கொடுப்பார்கள். அப்புறம் கேட்பார்: "சொந்த ஊர் எது?" சொல்வேன். "அங்க யாரு, ரெட்டியாருங்க ஜாஸ்தி இல்ல?" ஆமாம் என்பேன். "நீங்க?" அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், பல பேர் சொல்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். "சொந்தக்காரங்க வராங்களாம், போன் வந்துச்சு" என்பார்கள். வீட்டில் போனே இருக்காது. இப்படி ஆறு வீடு. சில வீட்டு வாசலில் பலகையே இருந்தது, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் என்று. அது ஒரு வகையில் தேவலை. காப்பி குடித்துவிட்டு அவமானப்பட வேண்டாம்.

ஏழாவது வீடு ஒரு ரிட்டயர்ட் ரயில்வேக்காரருடையது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அஞ்சாந்தேதிக்குள்ள வாடகை வந்துடணும்." வந்துவிடும் என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார். பதினொரு வருசம் அந்த மாடியில் இருந்தோம். அந்த மனுசன் கடைசி வரைக்கும் எதுவும் கேட்கவில்லை. அப்படியும் மனுசர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவதில் நியாயம் இருக்காது.

அவர் காலமான பிறகு, 1999இல், வேறு வீடு மாறினோம். அதே அண்ணா நகர்தான். அங்கே கீழ் வீட்டுக்காரருக்கு எங்கள் சமையல் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் சன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஆக்குவோம். மே மாச வெக்கையில், அடுப்படியில், வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றபடி என் மனைவி ஒரு நாள் சொன்னாள்: "தெருவுல தலை நிமிர்ந்து நடக்கிறோம். வூட்டுக்குள்ள திருட்டுத்தனமா சாப்புடுறோம். இது என்னா நல்ல ஊரு?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல? கோடு போட்டுக் கட்டினவர்கள் தெருவிலிருந்த சாதியை அழித்துவிட்டார்கள். அது வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது.

இதில் என் பங்கையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

அப்பா வந்திருந்தபோது இரண்டாம் நாள் டவர் பார்க்குக்குக் கூட்டிப் போனேன். அந்தக் கோபுரம் 135 அடி. சுற்றிச் சுற்றி ஏறினோம். மேலே போனதும் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். மொட்டை மாடிகளும் மரங்களும். எங்க ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரடு உண்டு. அதன் மேல் ஏறிப் பார்த்தால் எது ஊர், எது சேரி என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். ஓட்டு வீடும் கோயிலும் குளமும் ஒரு பக்கம், வாய்க்காலுக்கு அந்தாண்டை கூரைகள் ஒரு பக்கம். அப்பா அதைத்தான் தேடினார். கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, வயக்காட்டில் பேசுகிற குரலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"ஏண்டா, எல்லாம் ஒண்ணாவே இருக்குதே. இதுல சேரி எங்கடா? நம்ம ஜனங்க எங்க இருக்காங்க?"

பக்கத்தில் நாலைந்து குடும்பம் நின்றிருந்தது. அதில் எங்கள் தெருக்காரர் ஒருத்தர். தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொல்கிறவர். என் முகம் சூடாகிவிட்டது. "மெதுவாப் பேசுப்பா" என்றேன். "அதெல்லாம் இங்க இல்லப்பா, வா கீழ போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. ஊர்த்தெரு முனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதற்கப்புறம் ஊருக்குப் போகிற வரைக்கும் வெளியில் அவர் சத்தமாகப் பேசவே இல்லை. ரெட்டித் தெருவில் அவர் வாயை மூட வைத்தவர்கள் யார் யாரோ. அண்ணா நகரில் வாயை மூட வைத்தவன் நான். யாரும் எதுவும் கேட்காத தெரு கிடைத்ததும், கேட்காமலே இருக்கட்டும் என்று ஒளிந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

அப்பா 1993இல் இறந்துபோனார். அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை.

பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் தெருவைக் கூட்டுகிற அக்கா ஒருத்தர் இருந்தார். காலையில் நான் நடக்கப் போகும்போது அவர் பாதித் தெருவை முடித்திருப்பார். வருசக்கணக்கில் "வணக்கம் சார்", "வணக்கம்மா" என்பதோடு சரி. நான் ரிட்டயர்ட் ஆன பிறகு ஒரு நாள் டீக்கடையில் நின்று பேசினோம். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எங்கே என்றும், யாரும் கேட்காமலே, நானே சொன்னேன். அன்றிலிருந்து 'சார்' போய் 'அண்ணா' ஆனது.

அவர் வீடு அமைஞ்சிக்கரைப் பக்கம் கூவக்கரையில். அம்மா காலத்திலிருந்து அங்கேதான். "அஞ்சே முக்காலுக்கு எழுந்து ஒரே நடை, ஆறரைக்கெல்லாம் இங்க நிப்பேன்" என்பார். அண்ணா நகர் நடக்கத் தகுந்த ஊராக இருந்தது எனக்கு மட்டுமில்லை, அவருக்கும்தான். அவரைப் போலத் தெருக் கூட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், எத்தனையோ பேர் கூவக்கரையிலிருந்தும் மற்றக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் நடந்து வந்துதான் இந்த ஊரைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். வாரியம் போட்ட வரைபடத்தில் பூங்காவுக்கு இடம் இருந்தது, கடைக்கு இடம் இருந்தது. தெருவைக் கூட்டப் போகிறவள் எங்கே இருப்பாள் என்பதற்கு மட்டும் ஒரு கோடும் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவக்கரைக் குடிசைகளை எடுத்தார்கள். அக்காவுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். எட்டு மாடிக் கட்டடம். 2000ஆவது வருசத்திலிருந்து கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள், அப்புறம் இன்னும் தள்ளிப் பெரும்பாக்கம். அண்ணா நகரிலிருந்து 25 கிலோமீட்டருக்குக் குறையாது. அக்கா சொன்னார்:

"வூடு நல்லாத்தான் கீதுண்ணா. கக்கூஸ் உள்ளயே கீது, மழைக்கு ஒழுகாது. ஆனா மூணரைக்கு எழுந்துக்கணும். ரெண்டு பஸ்ஸு மாறணும். லேட்டா வந்தா அரைநாள் சம்பளம் புடிச்சிடறான். நடந்து வந்த காலம் போச்சு."

'லேட்டு' என்று கேட்டதும் எனக்கு எங்க வாத்தியார் ஞாபகம் வந்தது. அன்றைக்கு எனக்கு ஏரிக்கரை சுத்து. இன்றைக்கு அக்காவுக்குப் பெரும்பாக்கம் சுத்து. அடிக்கிறவர்கள் மட்டும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், ஏன் லேட்டு என்று. ஒரு வருசம் ஓடி ஓடி வந்தார். அப்புறம் நின்றுவிட்டார். இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று தெரியவில்லை.

பெரும்பாக்கமும் கோடு போட்டுக் கட்டினதுதான். அங்கேயும் கட்டடத்துக்கு நம்பர்தான் பேர். ஆனால் வேலைக்கு நடந்து போகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. கோடு போட்டுக் கட்டுவது நல்லது என்றோ கெட்டது என்றோ நான் சொல்ல வரவில்லை. கோடு போடுகிறவர் யாரை மனசில் வைத்துப் போடுகிறார் என்பதுதான் கேள்வி.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசாங்கக் கணக்குகளிலிருந்து எடுத்துவிடுவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம்தான். எங்க ஊரில் எண்பதுகளில் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்த பிறகு சேரி என்பது காலனி ஆனது. 'காலனிக்காரன்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணா நகரிலும் ஒரு காலனி உண்டு, சாந்தி காலனி. அங்கே வீடு என்றால் மரியாதை கூடும். சொல் ஒன்றுதான். யார் குடியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது சங்கதி.

இப்போது என் மகள் வேறு ஊரில் இருக்கிறாள். நானும் மனைவியும் இங்கேயே. மெட்ரோ ரயில் வந்தது, 2017இல். நடைபாதையில் பாதியைக் காரும் பைக்கும் கடைக்காரர்களின் ஜெனரேட்டரும் பிடித்துக்கொண்டன. 2016 வர்தா புயலில் நிறைய மரம் போனது. ஆனாலும் காலையில் நடக்க இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. நான் இந்த ஊரை விட்டுப் போகப் போவதில்லை. என் ஜனங்களில் இன்னும் பத்துப் பேர், நூறு பேர் இங்கே குடிவர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கறி ஆக்க வேண்டும்.

தற்கொலைகள் நடக்கிறது என்று 2011இல் மூடி வைத்திருந்த கோபுரத்தை 2023இல் மறுபடி திறந்தார்கள். முழங்கால் வலியோடு ஒரு நாள் ஏறினேன். இப்போது சுற்றிலும் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். அப்பா நின்ற பக்கமாகவே போய் நின்று பார்த்தேன். மாடிகள், மரங்கள், இன்னும் உயரமான மாடிகள். தெற்கே பார்த்தேன். பெரும்பாக்கம் எங்கே தெரியப் போகிறது?

பக்கத்தில் ஒரு பையன், பத்து வயசு இருக்கும், அவன் அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, "அது எது? அது எது?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அப்பாவும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்க அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "சேரி இருக்குதுப்பா. இங்கிருந்து பார்த்தா தெரியாத தூரத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க." அன்றைக்கு அது கூவக்கரையில்தான் இருந்தது. கை நீட்டிக் காட்டியிருக்கலாம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகவே சொல்லியிருக்கலாம்.